மாதையன் பொருள் கேட்ட சொல்

1. வெள்ளையாக வந்த ஃபிலிம்

அன்று எலும்பு டாக்டர் வரும் நாள். வாரத்தில் ஒரு நாள்தான் அவர் தர்மபுரியிலிருந்து எங்கள் தாலுகா மருத்துவமனைக்கு வருவார். அன்று மட்டும் எக்ஸ்ரே அறை வாசலில் பெஞ்சு நிறைந்து, வராந்தா வரைக்கும் ஆட்கள் நிற்பார்கள். பெஞ்சில் இடம் விட்டும் மாதையன் என்ற விவசாயி உட்காரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தால் தூக்கிவிட இரண்டு ஆள் வேண்டும் என்றார்.

சீட்டில் லம்பார் ஸ்பைன் என்று எழுதியிருந்தது. இடுப்புப் பக்கத்து முதுகெலும்பை நேராக ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம் எடுக்க வேண்டும். மேசையில் ஏறிப் படுக்கச் சொன்னேன்.

"படுத்தா தல கீழ படாதுங்கம்மா. எதுனா முட்டுக் குடுங்க" என்றார்.

மல்லாந்து படுத்தவரின் தலை மேசைக்கு மேலே அந்தரத்தில் நின்றது. கழுத்து இறங்கவே இல்லை. ஒரு போர்வையை மடித்துத் தலைக்குக் கீழே வைத்தேன். வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருக்காது. எழுபது வயதுக்காரரின் உடம்பில் கூட அந்த விறைப்பை நான் பார்த்ததில்லை.

ஆள் ஒல்லி. ஒல்லியான உடம்புக்குக் கொடுக்கும் கதிர் அளவைத்தான், எக்ஸ்போஷரைத்தான், கொடுத்தேன். டார்க் ரூமில் ஃபிலிமைக் கழுவி எடுத்து வந்து விளக்கெரியும் வியூ பாக்ஸில் மாட்டியதும் எலும்பு டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்னம்மா இது, சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்குது? கே.வி. ஏத்தறதுக்கு யாராவது வந்து சொல்லணுமா?" என்றார்.

கே.வி. என்பது கதிரின் ஊடுருவும் சக்தி. கூட்டினால் தடித்த எலும்பையும் கதிர் ஊடுருவும். கூட்டி வைத்து மறுபடி எடுத்தேன். இந்த முறை சதை எல்லாம் கருத்துப்போனது. எலும்பு மட்டும் அப்படியே வெள்ளையாக நின்றது. கணுக்களுக்கு இடையில் இருக்க வேண்டிய இடைவெளிகளின் ஓரத்தில் ஏதோ வழிந்து இறுகியது போல இருந்தது. அவர் அதையும் பார்த்துவிட்டு என்னைத் திட்ட வாயெடுத்தபோது, புதிதாகச் சேர்ந்திருந்த டியூட்டி டாக்டர் ஜெபராஜ் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னார்.

"சார், இது எக்ஸ்போஷர் இல்லைன்னு நெனக்கிறேன். முன்னங்கைய ஒண்ணு எடுத்துப் பாக்கலாங்களா?"

எடுத்தேன். முன்னங்கையில் இரண்டு எலும்புகள் இணையாக ஓடும். நடுவில் இருப்பது மெல்லிய சவ்வு. அது ஃபிலிமில் தெரியக் கூடாது. மாதையனின் கையில் அது தெரிந்தது. இரண்டு எலும்புகளின் உள்ஓரத்திலிருந்தும் வேலமுள் போலக் கூர்கூராக வெள்ளை நீட்டிக்கொண்டிருந்தது.

எலும்பு டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். ஆமாம், அதுதான் என்று ஜெபராஜிடம் சொன்னார். எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வெளியே இன்னும் நாற்பது பேருக்குக் குறையாமல் நின்றிருந்தார்கள். அவரையும் குறை சொல்ல முடியாது.

2. பிரித்துப் படிக்கும் பழக்கம்

இந்த வேலைக்குப் படிக்கிறவர்கள் எல்லாருக்கும் முதல் மாதம் ஒரே பயம்தான். இங்கிலீஷ் வார்த்தை. நான் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு சேலத்தில் ரேடியோகிராஃபர் பயிற்சிக்குப் போனவள். வார்த்தைகள் கம்பளிப்பூச்சி மாதிரி நீளமாக ஊர்ந்துகொண்டிருக்கும். எங்களுக்கு உடற்கூறு எடுத்த வாத்தியார் ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். மனப்பாடம் செய்யாதே, உடைத்துப் பார் என்றார். உடைத்தால் பாதி கிரேக்கமாக இருக்கும், பாதி லத்தீனாக இருக்கும், சிலதில் இரண்டும் இருக்கும்.

ஆர்த்ரைட்டிஸ் என்றால் ஆர்த்ரான், கிரேக்கத்தில் மூட்டு. ஐட்டிஸ் என்று முடிந்தால் அழற்சி. லம்பார் என்றால் லம்பஸ், லத்தீனில் இடுப்பு. எங்கள் வேலையின் பெயரே கலப்புதான். ரேடியஸ் லத்தீன், கதிர்; கிராஃபெய்ன் கிரேக்கம், எழுதுவது. பொம்மிடிப் பக்கம் வீட்டில் தெலுங்கும் வெளியே தமிழும் பேசுகிற குடும்பங்களில் ஒரே வாக்கியத்தில் இரண்டும் வரும். அதுபோலத்தான் இந்த வார்த்தைகளும் என்று நான் வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு பயம் போய்விட்டது.

டாக்டர் ஜெபராஜுக்கும் அந்தப் பழக்கம் இருந்தது. அவருடைய அப்பா பாதிரியார். வேதம் படிப்பதற்காகக் கிரேக்கம் கற்றவராம். சின்ன வயதில் மாத்திரை அட்டையில் இருக்கும் பெயரைக் கூட அப்பாவும் மகனும் பிரித்து விளையாடுவார்களாம். ஓ.பி. முடிந்த பிறகு டீ குடிக்கும்போது ஒரு வார்த்தையைச் சொல்லி, இதைப் பிரிங்க பார்ப்போம் என்பார். நானும் சளைக்க மாட்டேன். எங்கள் இருவருக்கும் அது ஒரு பொழுதுபோக்கு. மாதையன் வந்த அன்றைக்குப் பிறகு அது பொழுதுபோக்காக இல்லை.

3. பெயரைக் கேட்டவர்

ஜெபராஜ் அவரைத் தன் அறைக்குக் கூட்டிப்போனார். கையில் ஈர ஃபிலிமோடு நானும் போனேன். மாதையன் தன் துணிப்பையிலிருந்து பழைய சீட்டுகளை எடுத்து வைத்தார். ஆறேழு வருட அலைச்சல் அதில் இருந்தது. ஒரு இடத்தில் ஸ்பாண்டிலோசிஸ், எலும்புத் தேய்மானம் என்று எழுதி வலி மாத்திரை. இன்னொரு இடத்தில் வாதம் என்று சொல்லி எண்ணெய். பென்னாகரத்தில் ஊசி. போன ஊரில் எல்லாம் பெயர் மாறிக்கொண்டே இருந்தது. ஊரில் சிலர் யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று சொல்லி, அதற்கும் ஒரு கிடா வெட்டியிருக்கிறார்கள்.

"இது ஃப்ளூரோசிஸ். இதுக்கு முந்தி சொன்னதெல்லாம் இல்லை. இதுதான்" என்றார் ஜெபராஜ்.

மாதையன் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. இந்த வேலையில் அதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். நோய் எவ்வளவு கொடியதாக இருந்தாலும், பெயர் கிடைத்ததும் ஆட்கள் ஒரு கணம் நிம்மதி அடைவார்கள். அவர் அந்தச் சொல்லை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். பிறகு அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார்.

வேறு டாக்டராக இருந்தால் எலும்பு நோய் என்று சொல்லி முடித்திருப்பார். ஜெபராஜ் பழக்கத்தில் சொல்லைப் பிரித்தார். பின்பாதி ஓசிஸ், கிரேக்கம். ஒரு நிலை, மருத்துவத்தில் நோய்ப்பட்ட நிலை. முன்பாதி லத்தீன், ஃப்ளூயரே என்றால் ஓடுவது. அந்தக் காலத்தில் உலோகத்தை உருக்குகிறவர்கள் ஒரு கல்லைச் சேர்த்து உலையில் போடுவார்களாம். அதைப் போட்டால் உலோகக் கல் சீக்கிரம் உருகி ஓடும். ஓட வைக்கிற கல் என்பதால் கல்லுக்கு அந்தப் பெயர். கல்லிலிருந்து பிரித்தெடுத்த பொருளுக்கு அதே பெயர். அந்தப் பொருள் உடம்பில் அதிகமானால் வரும் நோய்க்கும் அதே பெயர். இவ்வளவையும் அவர் எளிமையாகத்தான் சொன்னார்.

மாதையன் தலையைத் திருப்ப முடியாமல் உடம்பு மொத்தத்தையும் என் பக்கம் திருப்பி என்னைப் பார்த்தார். பிறகு டாக்டரைப் பார்த்தார்.

"ஓடறதுன்னா தண்ணிங்களா?"

அந்தச் சொல்லில் தண்ணீர் இல்லை. உருகி ஓடுகிற உலோகம்தான் இருக்கிறது. ஆனால் அவர் கேட்ட கேள்விக்குப் பதில் தண்ணீர்தான். ஜெபராஜ், ஆமாம், தண்ணியிலதான் வருது என்றார். கல்லில் இருக்கும் ஃப்ளூரைடு ஆழத்துத் தண்ணீரில் கரைந்து வரும். வருடக் கணக்கில் குடித்தால் எலும்பில் சேரும். எங்கே தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டார்.

"எம் போருங்க" என்றார் மாதையன். சீட்டுகளைப் பைக்குள் வைத்துக்கொண்டே, "எங்க கொட்டாயே அதாங்க குடிக்குது" என்றார்.

4. போர் போட்ட கதை

எங்கள் பக்கம் தோட்டங்களுக்கு நடுவே இருபது முப்பது வீடுகள் சேர்ந்திருந்தால் அதைக் கொட்டாய் என்போம். மாதையனின் கொட்டாய் பாப்பாரப்பட்டிக்கு மேற்கே, பேருந்து நிற்கும் இடத்திலிருந்து உள்ளே நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. இந்தக் கதையில் கொஞ்சம் அன்று அவர் சொன்னது. மீதியை அவர் மனைவி ராஜம்மாள் பின்னால் சொன்னார்.

அவர்களுக்குக் கல்யாணமான புதிதில் தொடர்ந்து மழை பொய்த்தது. கிணறுகள் வற்றின. பெண்கள் விடிவதற்குள் குடத்தோடு போய் வரிசையில் நின்றார்கள். மாதையன் தன் மானாவாரிக் காட்டில் ஒரு பகுதியை விற்று ஆழ்துளைக் கிணறு போட்டார். பாறை, பாறை, பாறை என்றே போயிற்று. போர் வண்டிக்காரர்கள் நிறுத்திவிடலாம் என்றார்கள். இன்னும் கொஞ்சம் போகட்டும் என்றவர் இவர்தான். கடைசியில் தண்ணீர் பீறிட்டு அடித்தபோது கொட்டாயே திரண்டு வந்து அந்தச் சேற்றுத் தண்ணீரில் நனைந்ததாம்.

தன் வயலுக்கு மட்டும் வைத்துக்கொண்டிருக்கலாம். அவர் பாதையோரம் ஒரு தொட்டி கட்டி, குழாய் வைத்து, யார் வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளுங்கள் என்று விட்டார். பதினைந்து வருடத்துக்கு மேல் அப்படியே ஓடியது. கண்ணாடி மாதிரி தெளிந்த தண்ணீர். களி கிண்டுவதும் அதில்தான், பிள்ளைக்கு மருந்து கலக்குவதும் அதில்தான். அந்த வருடங்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பல்லில் பழுப்புக் கோடு விழுந்தது. மண் வாகு என்று விட்டுவிட்டார்கள். பெரியவர்களுக்கு முட்டி மடங்கவில்லை, குந்த முடியவில்லை. கஷ்டப்பட்ட உடம்பு என்று விட்டுவிட்டார்கள்.

5. கோயில் முன்னால்

ஜெபராஜ் விடவில்லை. கொட்டாய்த் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். அனுமதித்த அளவைப் போலப் பல மடங்கு என்று பதில் வந்தது. பிறகு மேலே எழுதி, ஒரு முகாமுக்கு அனுமதி வாங்கினார். ஒரு காலை நேரம் போர்ட்டபிள் எக்ஸ்ரே மெஷினை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனோம். பால்வாடி அறையில் ஜன்னலை அடைத்து மெஷினை வைத்தேன். அன்று பகல் முழுக்க முன்னங்கைகள். உழுத கை, நாற்று நட்ட கை, புளி தட்டிய கை. கழுவிய ஃபிலிம்களைக் கயிற்றில் வரிசையாகத் தொங்கவிட்டபோது முள் இல்லாத கை குறைவாகத்தான் இருந்தது.

நானும் அந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் வீட்டிலும் போர் தண்ணீர்தான். அன்று சாயங்காலம் உடன் வந்த உதவியாளரிடம் சொல்லி என் கையையும் ஒரு படம் எடுக்கச் செய்தேன். ஒரு ஓரத்தில் லேசாகச் சொரசொரப்பு இருந்தது. அதை யாரிடமும் காட்டவில்லை. வீட்டுக்குப் போய் என் மகளை வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

மாரியம்மன் கோயில் முன்னால் ஜனங்களை உட்கார வைத்து ஜெபராஜ் பேசினார். குந்த முடியாதவர்கள் நின்றார்கள். நின்றவர்கள்தான் அதிகம். ஃப்ளூரோசிஸ் என்ற சொல்லைச் சொல்லி, அங்கேயும் அதைப் பிரித்துப் பொருள் சொன்னார். இந்தத் தண்ணீரில் குளிக்கலாம், துணி துவைக்கலாம், பயிருக்கு விடலாம். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் கூடாது என்றார். காய்ச்சிக் குடித்தால் ஆகாதா என்று ஒருவர் கேட்டார். காய்ச்சினால் தண்ணீர்தான் ஆவியாகும், ஃப்ளூரைடு அப்படியே தங்கும், இன்னும் கெடுதல் என்றார்.

மாதையனின் தம்பி மனைவி சுமதி பின்னால் நின்றிருந்தார். இடுப்பில் கைக்குழந்தை. அவர் கேட்டதுதான் அன்றைய கேள்வி.

"அப்ப எந்தத் தண்ணிய குடிக்கறதுங்க, டாக்டர்?"

ஏற்பாடு செய்வார்கள் என்றார் ஜெபராஜ். அவர் பொய் சொல்லவில்லை. எழுத வேண்டிய இடங்களுக்கெல்லாம் எழுதியிருந்தார். ஏற்பாடு நடக்கும் என்று நம்பினார். சில வாரங்கள் டிராக்டரில் தண்ணீர் வரவும் செய்தது. பிறகு இரண்டு நாளைக்கு ஒருமுறை ஆயிற்று. பிறகு டிராக்டர் வேறு ஊருக்குப் போய்விட்டது.

அதிகாரிகள் வந்து, குடிக்கக் கூடாது என்பதற்கு அடையாளமாகக் கொட்டாயில் இருந்த பழைய அடிபம்புக்குச் சிவப்பு அடித்து, பால்வாடிச் சுவரில் ஃப்ளூரோசிஸ் பாதித்த பகுதி என்று பெரிய எழுத்தில் எழுதிவிட்டுப் போனார்கள். அதன் பிறகு அந்தக் கொட்டாயில் பெண் எடுக்க வந்த ஒரு குடும்பம் சுவரைப் படித்துவிட்டு, டீ கூடக் குடிக்காமல் திரும்பிப் போனது என்று ராஜம்மாள் சொன்னார். யாரோ அந்த எழுத்தின் மேல் சாணியைக் கரைத்து ஊற்றினார்கள்.

6. மூடிய குழாய்

முகாம் முடிந்த மறுநாளே மாதையன் பாதையோரக் குழாயை மூடிவிட்டார். குழாயின் திருகை மூடியதோடு நிற்கவில்லை. குழாயைக் கழற்றி எடுத்து, தொட்டியின் வாயில் சிமெண்ட் பூசினார். தான் கட்டிய தொட்டிக்குத் தானே பூசினார். அந்த வேலைக்குக் கூட அவரால் குனிய முடியாமல் ராஜம்மாள் சிமெண்டைக் கையில் எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

டிராக்டர் வந்த வரைக்கும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அது நின்ற பிறகு பேச்சு ஆரம்பித்தது. கொட்டாய்க்குத் தெற்கே ஒரு பழைய திறந்த கிணறு இருந்தது. ஊற்றுத் தண்ணீர், ஆழம் குறைவு. டாக்டர் அந்தத் தண்ணீரையும் சோதித்து, பரவாயில்லை என்று சொல்லியிருந்தார். ஆனால் கைப்பிடிச் சுவர் இடிந்த கிணறு. உள்ளே இறங்கும் கல்படிகள் பாசி பிடித்தவை. கோடையில் தண்ணீர் அடியில் கிடக்கும். இறங்கித்தான் மொண்டுவர வேண்டும். முட்டி மடங்காதவர்களுக்கு அந்தப் படியில் என்ன வேலை? வயசுப் பெண்கள்தான் போனார்கள்.

மாதையன் ஓ.பி.க்கு வரும்போது இதையெல்லாம் சொல்வார். ஜனங்கள் திட்டுகிறார்கள் என்பார். இத்தனை வருஷம் குடிச்சு சாகாதவங்க இனிமேத்தான் சாவப் போறாங்களா, மோட்டாரைப் போடு என்கிறார்களாம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று ஜெபராஜ் கேட்டார். தெரிந்த பிறகு எப்படிங்க ஊத்தறது என்றார் மாதையன்.

சித்திரை மாதம் ஒரு காலையில் சுமதியைக் கயிற்றுக் கட்டிலில் தூக்கிவந்தார்கள். குடத்தோடு படியில் சறுக்கித் தலைகுப்புற விழுந்திருக்கிறார். மூச்சு இருந்தது. கழுத்தை அசைக்காமல் ஒரு படம் எடுக்கச் சொன்னார்கள். நான் ஃபிலிம் வைத்த கேசட்டைப் பிடித்துக்கொண்டிருந்தபோது அவர் கண் திறந்திருந்தது. என்னைத் தெரிந்ததா என்று தெரியவில்லை. கழுத்துக் கணு ஒன்று விலகியிருந்தது. தர்மபுரிக்கு அனுப்பினார்கள். வண்டி ஊரைத் தாண்டுவதற்குள் போய்விட்டார்; அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

வராந்தாவில் மாதையனும் அவர் தம்பி முருகனும் நின்றிருந்தார்கள். குழந்தை முருகனின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. முருகன் சத்தம் போடவில்லை. அண்ணனைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"கொழாய மூடாம இருந்திருந்தா அவ வூட்ல இருந்திருப்பாண்ணா."

மாதையன் சுவரை ஒரு கையால் பிடித்தபடியே நின்றார். எனக்கு அவர் பக்கத்தில் போகத் தோன்றவில்லை. டார்க் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

7. திறந்தது

காரியம் முடிந்த பிறகு ஒரு நாள் அவர் வந்தார். ஜெபராஜ் அறையில் நான் ஃபிலிம் கொடுக்கப் போயிருந்தேன். மாத்திரை எழுதப்போன டாக்டரை நிறுத்தி, "தொறந்துட்டனுங்க" என்றார் மாதையன்.

சிமெண்டை உடைத்துக் குழாயை மறுபடி மாட்டிவிட்டாராம். முதல் நாள் யாரும் பிடிக்க வரவில்லை. இரண்டாம் நாள் ஒவ்வொருவராக வந்தார்கள். முருகனும் வந்து ஒரு குடம் பிடித்துக்கொண்டு போனார்.

ஜெபராஜ் பேனாவை மூடி வைத்தார். பிறகு, நீங்களும் ராஜம்மாவும் குடிக்க மட்டும் பாப்பாரப்பட்டியிலிருந்து கேன் தண்ணீர் வாங்கிக்கொள்ளுங்கள், உங்கள் உடம்பு இதற்கு மேல் தாங்காது என்றார்.

"ஊருக்கு இத ஊத்திட்டு நா வேற தண்ணி குடிக்க முடியுங்களா?" என்றார் மாதையன்.

அவர் போன பிறகு ஜெபராஜ் என்னிடம் கேட்டார்: "மேடம், நான் அந்தப் பேரைச் சொல்லாமயே இருந்திருக்கலாமோ?"

சொல்லாமல் இருக்க முடியாது என்றேன். சொல்லியிருக்கக் கூடாது என்று என்னால் இன்றும் நினைக்க முடியவில்லை. ஆனால் அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை என்று எங்கள் இருவருக்குமே தெரியும். அதற்குப் பிறகு டீ நேரத்தில் அவர் வார்த்தை பிரிக்கவில்லை. அடுத்த வருடம் மாற்றல் வாங்கிக்கொண்டு தெற்கே போய்விட்டார். போகிற நாள் வரைக்கும் அந்தக் கொட்டாய்க்குத் தண்ணீர் கேட்டு எழுதிக்கொண்டேதான் இருந்தார்.

8. பிறகு

சில வருடங்கள் கழித்துக் காவிரித் தண்ணீர் குழாயில் வந்தது. பக்கத்து ஊர்களுக்கு முதலில், கொட்டாய்க்குக் கடைசியில். அது வந்தபோது மாதையன் நடக்கவில்லை. முதுகெலும்பு தடித்து, உள்ளே ஓடும் நரம்பை நெருக்கிவிட்டது. இரண்டு காலும் போய்விட்டன. முதுகு முன்பக்கம் வளைந்து, முகம் எப்போதும் மடியைப் பார்த்தபடி இருந்தது. குழாயில் காவிரித் தண்ணீர் வந்ததைச் சத்தத்தில்தான் தெரிந்துகொண்டார் என்று ராஜம்மாள் சொன்னார்.

அவரை நான் கடைசியாகப் படம் எடுத்தபோது எங்கள் மருத்துவமனைக்கு டிஜிட்டல் மெஷின் வந்திருந்தது. ஃபிலிம் கழுவும் வேலை போய்விட்டது. இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மெஷின் படத்தின் வெளிச்சத்தைத் தானே சரிக்கட்டிக் காட்டும். எலும்பு எவ்வளவு தடித்திருந்தாலும் திரையில் அழகாக, சாதாரணமாகத் தெரியும். மாதையனின் முதுகெலும்பும் அன்று திரையில் அப்படித்தான் வந்தது. என் கையால் கழுவிய அந்த வெள்ளை ஃபிலிம் இல்லாவிட்டால் எனக்கே சந்தேகம் வந்திருக்கும். மேசையில் படுத்திருக்கிற ஆளைப் பாருங்கள். தலை கீழே படுகிறதா, முட்டி மடங்குகிறதா, முன்னங்கையைத் திருப்ப முடிகிறதா என்று பார்த்துவிட்டுத் திரையைப் பாருங்கள்.

அவர் இறந்ததைக் கேள்விப்பட்டு நான் துக்கம் கேட்கப் போனேன். உடம்பு நிமிராததால் பாடையில் கிடத்த முடியவில்லை. நாற்காலியில் உட்கார வைத்துத்தான் தூக்கிப் போனார்களாம். முன்பக்கம் முருகன் தோள் கொடுத்திருக்கிறார். அதைச் சொன்னபோது மட்டும் ராஜம்மாள் அழுதார். என்ன நோய் என்று வந்தவர்கள் கேட்டதற்கு, வயசாயிடுச்சு என்று முருகன் சொல்லிவிட்டாராம். ஊருக்குள் யாரும் அந்த இங்கிலீஷ் பெயரைச் சொல்வதில்லை. எனக்கு முன்னால் ராஜம்மாள் அதைச் சரியாக, ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னார்.

ஓய்வு பெற்ற பிறகு இதை எழுதுகிறேன். பிரித்துப் படிக்கும் பழக்கம் நல்ல பழக்கம், அதை விடாதீர்கள். ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் நோயாளிக்கு அதை எடுத்துச் சொல்ல முடியும். ஆனால் நோயாளி சொல்லோடு நிற்க மாட்டார். அதை வீட்டுக்கு எடுத்துப்போய் நம்புவார், நம்பியபடி நடப்பார். அவர் நடப்பதற்கு ஒரு வழி இருக்கிறதா என்பதையும் பெயர் சொல்கிறவர்கள்தான் பார்க்க வேண்டும். நாங்கள் ஒரு கொட்டாய்க்கு நோயின் பெயரைக் கொடுத்தோம். அதோடு ஒரு குடம் நல்ல தண்ணீர் கொடுக்க எங்களால் முடியவில்லை. இதுதான் நான் கற்றது. இதை யாரும் எனக்கு வகுப்பில் சொல்லித் தரவில்லை.

போன மாதம் அந்தப் பக்கம் போயிருந்தேன். காவிரிக் குழாயில் தண்ணீர் வந்து பல நாள் ஆகிறது என்றார்கள். ராஜம்மாள் மோட்டார் ரூமுக்குப் போய் சுவிட்சைப் போட்டார். பாதையோரம் குடங்கள் வரிசையாக இருந்தன. பாத்திரம் கழுவ மட்டுந்தான், சோத்து ஒலையில ஊத்தாதீங்க என்று ஒவ்வொருத்தியிடமும் சொன்னார். சரிங்கக்கா என்று சொல்லிக்கொண்டு, ஒவ்வொருத்தியும் குடத்தைத் தூக்கிக்கொண்டு சமையற்கட்டுக்குள் போனாள்.